பசை அக்காவின் கண்ணீரும் காணாமல் போன பெட்டிகளும்

பிரேக் சார் வேலையை விட்டுப் போகிறார் என்ற செய்தி உறுதியான அன்று, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரித்தார்கள்.

மேனேஜருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. எந்த வேலை எப்படி ஓடிக்கொண்டிருந்தாலும் பின்னாலிருந்து வந்து நின்று "நிறுத்து, நிறுத்து" என்பார். மடிப்பு கோணல் என்பார், பசை அதிகம் என்பார், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஏன் இவ்வளவு வேகம் என்பார். முகங்களை நிமிர்ந்து பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பேசுகிறவருக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே பேசுவார். இன்னும் ரெண்டு வருஷம் இருக்க முடியுமா என்று முதலாளியம்மா கேட்டதற்கு, "என்னை இங்க யாருக்கும் பிடிக்கலம்மா, போதும்" என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி.

அவர் போனால் அந்த நாற்காலி சித்திக்கு. உதவி மேனேஜராக அந்த நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து சித்திக்குத் தலையில் பாதி நரைத்துவிட்டது. ஆகவே வழியனுப்பு விழாவை யாரையும்விட ஆர்வமாக ஏற்பாடு செய்தவள் சித்திதான்.

"ஏய் கத்தரி, ஒரு படம் பண்ணிக் குடு. அவரைப் பத்தி எல்லாரும் பேசற மாதிரி. மனுஷன் கண்கலங்கிப் போகணும்."

கத்தரி என்பது சித்தியின் அக்கா மகளுக்கு ஆபீஸ் வைத்த பெயர். சித்தி வீட்டில் தங்கி, பகலில் அதே தொழிற்சாலையில் பில் போடுவாள்; மாலையில் படத்தொகுப்பு வகுப்புக்குப் போவாள். எதையும் முறையாகச் செய்கிறவள். எடுத்த படத்துண்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்து, வகை பிரித்து, தனித்தனியாகப் போட்டுவைப்பாள். அதன் பிறகுதான் சங்கடம். எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பதற்குள் டீ ஆறிப்போகும். வெட்டிய பின், வெட்டியது தப்போ என்ற நினைப்பில் இன்னொரு டீ ஆறிப்போகும்.

"எனக்கு வருமா சித்தி? வகுப்புல இன்னும் ஒரு படமும் முழுசா முடிச்சதில்ல."

"வரும்டி. அழ வைக்கறது என்ன பெரிய வித்தையா? நீ சமைச்சப்போ நாங்க அழலையா?"

வேலை நேரத்திலேயே, ஆள் ஆளாகப் போய், போனை ஸ்டாண்டில் நிறுத்தி, "சார் போறதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டாள். கிடைத்ததெல்லாம் வயிற்றெரிச்சல். வாட்ச்மேன் பேசத் தொடங்கி, நடுவில் தாடை கழன்று விழுவதுபோல ஒரு கொட்டாவி விட்டு, என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்தார். லாரி ஓட்டும் அண்ணன் கேமராவைப் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டார். சிரிப்பை அடக்க முடியாமல் தோள்கள் குலுங்கின. சித்தி பேசும்போதுகூட, யாராவது வருகிறார்களா என்று கதவுப் பக்கமே பார்த்தாள்.

உருப்படியாக வாயைத் திறந்தவள் பசை ஒட்டும் பிரிவின் அக்கா ஒருத்திதான். ஆனால் அவள் சொன்னது இது:

"இவர மாதிரி ஒரு மேனேஜர் இனிமே வரமாட்டார். வரவும் வேணாம்."

அன்று மாலை வகுப்பில் கத்தரி இதைப் புலம்பினாள். ஒரு முகமாவது வருத்தமாக இல்லையே என்றாள். வாத்தியார் கடலை கொறித்துக்கொண்டே, "முகத்துக்குத் தனியா அர்த்தம் ஏதும்மா? அதுக்கு முன்னால எதை வைக்கறீங்களோ, அதை வெச்சுப் பார்க்கிறவன் மீதியைத் தானே நிரப்பிக்குவான். அவனுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க" என்றார்.

கத்தரி வேலை கொடுத்தாள். மேனேஜர் கை கழுவப் போயிருந்தபோது எடுத்த காலி நாற்காலியை முதலில் வைத்தாள். அதற்குப் பின்னால் வாட்ச்மேனின் முகம். கொட்டாவி முடிந்து வாய் மூடியிருக்கிறது. கண்களில் நீர் தளும்பி நிற்கிறது. இமைகள் மெல்ல இறங்குகின்றன. அடடா! மேனேஜர் தனியாக நடந்து போகும் காட்சியை வைத்து, அடுத்து லாரி அண்ணனின் முதுகை வைத்தாள். சத்தத்தை எடுத்துவிட்டால், குலுங்குகிற தோள் சிரிக்கிறதா அழுகிறதா என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. சித்தி கதவைப் பார்ப்பது, அவர் போகும் வழியைத் தாங்கமுடியாமல் பார்ப்பதாயிற்று.

பசை அக்காவுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. காலையில் எடுத்த பேச்சில் "வரமாட்டார்" வரைக்கும் வைத்துக்கொண்டாள். 'வரவும் வேணாம்' என்று ஆரம்பித்த இடத்தில் கத்தரியைப் போட்டாள். மதியத்துக்கு மேல் பசை கொதிக்கும்போது ஆவி பட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது வேறொரு துண்டில் இருந்தது. "இவர மாதிரி" என்பது வரை பேசும் முகம். குரலை நிறுத்தாமல் ஓடவிட்டு, படத்தை மட்டும் மாற்றினாள். முந்தானை வாயை மறைத்திருந்ததால், "ஒரு மேனேஜர் இனிமே வரமாட்டார்" என்பதை அக்கா அழுதுகொண்டே சொல்வதுபோல் அமைந்துவிட்டது. குரல் அறுபடாமல் போனால் கண்ணுக்கு ஒட்டுத் தெரியாது என்று வகுப்பில் சொன்னது சரிதான். கத்தரிக்கே ஒரு கணம் அது நிஜ அழுகையாகத் தோன்றியது.

தோன்றியதும் சந்தேகமும் வந்துவிட்டது.

"சித்தி, இது பொய் இல்லையா?"

சித்தி சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்திருந்தாள். "ஒரு வார்த்தையாவது நீ சேர்த்தியா? அவங்க பேச்சு, அவங்க மூஞ்சி. கொஞ்சம் குறைச்சிருக்க, அவ்வளவுதான். தையக்காரன் துணியை வெட்டறான், அது பொய்யா?"

விழா சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வெள்ளைச் சுவரில் படம் ஓடியது. தாங்கள் அழுவதைத் தாங்களே பார்த்து ஊழியர்கள் அசந்துபோனார்கள். லாரி அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம், "நானா அது? நல்லவனா இருக்கேனே" என்று கிசுகிசுத்தார். முதலாளியம்மா கைக்குட்டையை எடுத்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். படம் முடிந்து விளக்கு வந்ததும் எழுந்து நின்றார்.

"இவ்வளவு காலமா என்னைக் கண்டா எல்லாரும் ஒதுங்கிப் போவீங்க. வெறுப்புன்னு நினைச்சேன். உள்ளுக்குள்ள இப்படி ஒரு பாசம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு." குரல் உடைந்தது. "முதலாளியம்மா, ரெண்டு வருஷம் இருக்கச் சொன்னீங்களே. இருக்கேன். இவங்களை இப்படி அழவிட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

முதலாளியம்மா மட்டும் கைதட்டினார். லாரி அண்ணனின் பிஸ்கட் டீக்குள் விழுந்து முழுகிற்று. சித்தியின் முகத்தில் புன்னகை இருந்தது. ஆனால் அது யாரோ ஒட்டிவைத்துவிட்டுப் போனதுபோல அசையாமல் இருந்தது. பசை அக்கா அழுதாள். அந்தக் கண்ணீரில் பசைக்கு எந்தப் பங்கும் இல்லை.

கத்தரி வீட்டுக்குப் போனபோது சித்தி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் நாற்காலிக்கென்று அளவு பார்த்து வாங்கிய புதுக் குஷன் அவளுக்கு அடியில் இருந்தது. டி.வி. ஓடவில்லை.

"சித்தி..."

"பேசாதே. அழ வைன்னு சொன்னேன். அவரைத்தானே அழ வைக்கச் சொன்னேன்? என்னை ஏன்டி அழ வெச்ச?"

"ரொம்ப நல்லா வந்துடுச்சு போல சித்தி."

"வந்துடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு வந்துடுச்சு. வெட்டினது நீதானே? நீயே ஒட்டு."

மறுநாள் ஆபீசில் கத்தரி நடந்த பக்கமெல்லாம் முதுகில் பார்வை குத்தியது. பசை அக்கா வழிமறித்தாள்.

"ஏண்டி கத்தரி, 'வரவும் வேணாம்'னு நான் தெளிவாச் சொன்னேனே. அது எங்க போச்சு?"

"அது... படம் நீளமாப் போயிடும்னுக்கா."

"நீளமா? ரெண்டே வார்த்தைடி! ரெண்டு வார்த்தையை மிச்சம் பிடிச்சு ரெண்டு வருஷத்தை என் தலையில கட்டிட்டியே!"

மேனேஜரோ புது மனிதராகியிருந்தார். ஊழியர்கள் மீது பாசம் பொங்கியதால் முன்னைவிட அதிகமாகச் சுற்றிவந்து, முன்னைவிட அதிகமாக நிறுத்தினார். படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார். சாப்பிடும்போது பார்த்தார், சாப்பிட்ட பிறகு பார்த்தார். வீட்டிலும் போட்டுக் காட்டினாராம். அவர் மனைவி முழுக்கப் பார்த்துவிட்டு, "இவங்களெல்லாம் யாரைப் பத்திப் பேசறாங்க?" என்று கேட்டாளாம்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் சித்தியையும் கத்தரியையும் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் பசை அக்கா உறைந்து நின்றாள்.

"இங்க பாருங்க. 'இவர மாதிரி'ன்னு சொல்றா. பின்னால பெட்டி அடுக்கு அவ தோள் உயரம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றாள் சித்தி.

"இப்ப பாருங்க." ஒரு தட்டு தட்டினார். "'ஒரு மேனேஜர்'னு சொல்றா. அடுக்கு எங்க இருக்கு?"

அடுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. கத்தரிக்குப் புரிந்துவிட்டது. காலையில் எடுத்த துண்டுக்கும் மதியம் எடுத்த துண்டுக்கும் நடுவில் லாரி வந்து லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஒட்டுத் தெரியாமல் ஒட்டினோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் முகத்தைத்தான் பார்த்தாள். பின்னால் இருந்த பெட்டிகளைப் பார்க்கவில்லை. இந்த மனிதர் பெட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கிறவர் இல்லையே!

"ஒரு மூச்சு விடறதுக்குள்ள அத்தனை பெட்டியும் காணோம்" என்றார் மேனேஜர். "யார் எடுத்தது?"

சித்தி விழித்தாள். "சார், ஸ்டாக் கணக்கெல்லாம் சரியா இருக்கே."

"பார்த்தேன். சரியாத்தான் இருக்கு. அதுதான் எனக்குச் சந்தேகம். பெட்டி போயிருக்கு, கணக்கு சரியா இருக்குன்னா என்ன அர்த்தம்? எழுதறவங்களுக்கும் பங்கு."

பிறகு படத்தை முதலிலிருந்து ஓட்டினார். அதே படம்தான், ஒரு துண்டும் இடம் மாறவில்லை. ஆனால் அவர் விரலால் சுட்டிச் சுட்டிச் சொல்லச் சொல்ல, கத்தரியின் கண் முன்னாலேயே அது வேறு படமாகிக்கொண்டிருந்தது.

"மேனேஜர் நாற்காலி காலி. ஆள் இல்லைன்னு தெரிஞ்சுக்கறாங்க. அடுத்து வாட்ச்மேன். பாருங்க, கண்ணு சொருகுது. பாசம்னு நினைச்சேனே! டியூட்டியில தூக்கம். நான் அந்தப் பக்கம் நடந்து போறேன். உடனே லாரிக்காரன் முகத்தைத் திருப்பிக்கறான். தோள் ஏன் நடுங்குது? பயம். பசை ஒட்டற இவ எதுக்கு அழறா? மனசாட்சி உறுத்துது. கண்ணெதிர்ல பெட்டி போகுது, சொல்லவும் முடியல." கடைசியாக சித்தி கதவைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "நீங்க யாருக்கு மேடம் ஜாடை காட்டறீங்க?"

"ஐயோ சார், ஜாடையா!" என்றாள் சித்தி.

"ஸ்டாக் உங்க பொறுப்பு. நாளைக்குக் காலையில முதலாளியம்மா வராங்க. அவங்க முன்னால நீங்க பதில் சொல்லணும்."

வெளியே வந்ததும் சித்தி சுவரில் சாய்ந்துகொண்டாள். "நாற்காலி போனாப் போகட்டும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்டி. இப்ப என்னைத் திருடியாக்கிட்டுப் போயிடுவார் போலிருக்கே."

"உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன் சித்தி."

"என்னன்னு சொல்லுவ? யாரும் உங்களுக்காக அழல, ஒருத்தன் கொட்டாவி விட்டான், ஒருத்தன் சிரிச்சான்னா? அந்த மனுஷன் நொறுங்கிப் போயிடுவார்." சித்தி கையைப் பிசைந்தாள். "சொன்னா அவர் மனசு போகும். சொல்லாட்டி என் மானம் போகும். என்னமோ பண்ணு. எனக்கு யோசிக்கற தெம்பு இல்ல."

கத்தரிக்கும் தெம்பு இல்லை. ஆனால் காரியம் செய்தது அவள் கைதான். சித்தியின் பேர் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், பெட்டியை யாரும் எடுக்கல. நான்தான் குறைச்சேன்."

மேனேஜர் அதிர்ந்து எழுந்தார். "நீயா! எங்கம்மா வெச்சிருக்க?"

"ஐயோ, பெட்டியை இல்ல சார். நேரத்தைக் குறைச்சேன்."

அவர் அவளைப் பார்த்தார். உண்மையாகவே முகத்தைப் பார்த்தார். கத்தரி லேப்டாப்பைத் திறந்து காலையில் எடுத்த துண்டையும் மதியம் எடுத்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நடுவில் லாரி வந்தது, லோடு போனது, படத்தில் அது இல்லை, குரலை நீட்டி ஒட்டை மறைத்தது எல்லாம் சொன்னாள். படத்தில் ஒரே மூச்சாகத் தெரிவது ஒரே நாளின் இரண்டு வேறு நேரங்கள் என்றாள். மேனேஜர் இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் கண்டது கண்டபடி நடந்தது என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார் போலும்.

"அப்ப அந்தக் கண்ணீர்?"

"பசை ஆவி சார்."

"வாட்ச்மேன்?"

"கொட்டாவி சார். வாய் மூடின பிறகு எடுத்துக்கிட்டேன்."

"லாரிக்காரன் தோள்?"

கத்தரி தயங்கினாள். "அதைப் பார்க்க வேணாமே சார்."

"போடு."

போட்டாள். சத்தத்தோடு. லாரி அண்ணன் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையை நீட்டி, பெட்டிகளை முறைத்தபடி குடோன் நெடுக நடந்து காட்டினார். "நிறுத்து, நிறுத்து" என்ற குரல் அச்சு அசலாக இருந்தது. மேனேஜர் அசையாமல் பார்த்தார்.

"என் நடை இப்படியா இருக்கு?"

"கொஞ்சம் சார்."

"கொஞ்சமா?"

"அப்படியேதான் இருக்கு சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணு பேசினதையும் முழுசாப் போடு."

இனி மறைக்க என்ன இருக்கிறது? பசை அக்கா திரையில் வந்தாள். "இவர மாதிரி ஒரு மேனேஜர் இனிமே வரமாட்டார். வரவும் வேணாம்." கத்தரி சட்டென்று நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் நிறுத்தின?"

"அவ்வளவுதான் சார்."

"அவ வாய் இன்னும் திறந்திருக்கே."

கத்தரி திரையைப் பார்த்தாள். ஆமாம், திறந்திருந்தது. துண்டு இன்னும் நீளமாக ஓடுவதும் தெரிந்தது. அதற்குப் பிறகு அக்கா என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது! படம் எடுத்தபோது வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தொகுத்தபோது, வெட்ட இடம் கிடைத்ததுமே காதை மூடிக்கொண்டாள். மறுபடி ஓடவிட்டாள்.

"...வரவும் வேணாம். தண்ணி குடிக்கப் போனாக்கூடப் பின்னாலயே வந்து நிப்பார்மா. கடுப்பா இருக்கும். ஆனா ஒண்ணு. முன்னால இருந்தவர் காலத்துல அந்த வெட்டற மெஷின் யார் யார் விரலையோ வாங்கிடுச்சு. இவர் வந்ததும் மூடி போடாம மெஷின் ஓடக் கூடாதுன்னு நின்னுட்டார். வேலை கெடுதுன்னு முதலாளியம்மா திட்டியும் அசையல. அதுக்கப்புறம் ஒரு நகம்கூடப் போகல. பகல்ல இவர் கத்தறப்போ எனக்கு அழுகை வரும். வீட்டுக்குப் போய் என் பொண்ணுக்குத் தலை பின்னறப்போ, எல்லா விரலும் இருக்கேன்னு சிரிப்பு வரும். போதுமா? கேமராவை அணைடி, பசை தீயுது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதை ஏன் நீ படத்துல போடல?"

"நான் கேக்கவே இல்ல சார்." என்றாள் கத்தரி. "தப்பு என்மேலதான்."

"ம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் போனா அந்த மூடியைக் கழட்டிடுவாங்களா?"

"பசை அக்கா விடுவாங்களா சார்? சித்தியும் விட மாட்டாங்க."

"அப்ப ரெண்டு வருஷம் இருந்து நான் என்ன பண்ணப் போறேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, கத்தரி அவர் முகத்தில் அதுவரை பார்த்திராத ஒன்று தோன்றியது. வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போயிற்று. "ஆனா சும்மா போக மாட்டேன். எல்லாரும் சேர்ந்து என்னை அழ வெச்சீங்க இல்ல? இதுக்குள்ள ஒரு பெட்டி திருட்டுக் கதை இருக்கும்மா. நான்தான் பார்த்தேனே. எடுக்க முடியுமா?"

மறுநாள் காலை முதலாளியம்மாவிடம் அவரே பேசினார். ஸ்டாக் சரியாக இருக்கிறது, தன் கண்ணில்தான் கோளாறு என்றார். அதனால் முன்பு சொன்னபடியே போய்விடுகிறேன் என்றார். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சித்திக்கு நம்பிக்கை வரவில்லை. "இந்த வாட்டியாவது அந்த மனுஷன் போற மாதிரி வெட்டுடி" என்று மட்டும் கத்தரியிடம் சொன்னாள்.

உணவு இடைவேளைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பிரேக் சாருக்கு அந்த வேலைக்கென்றே பிறந்த கை. கத்தரி மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கே வெட்டலாம் என்று தடுமாறும்போதெல்லாம், "நிறுத்து" என்பார். பார்த்தால் அதுதான் சரியான இடமாக இருக்கும். வாட்ச்மேனின் இமை இறங்குவதை அவர் மிகவும் ரசித்தார். "இதுக்கு அப்புறம் கேட்டைக் காட்டு. ஆளில்லாத கேட். ஹா!" லாரி அண்ணன் தோளுக்கு முன்னால் பெட்டிக் குவியலை வைக்கச் சொன்னார். சித்தி கதவைப் பார்க்கும் ஷாட்டை மூன்று இடத்தில் வைத்தார், வேண்டாம் சார் என்றாள் கத்தரி, ஒன்றைக் குறைத்துக்கொண்டார். யார் திருடன் என்று கடைசியில் தெரிய வேண்டுமே என்று அவள் கேட்டபோது, "அதுக்குப் புதுசா ஒண்ணு எடுக்கணும். நாளைக்குப் போனைக் கொண்டா" என்றார்.

அவருடைய உண்மையான கடைசி நாளில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மறுபடி படம் ஓடியது. முதல் காட்சியிலேயே வாட்ச்மேன், "தூங்கல சார், நான் தூங்கல!" என்று எழுந்துவிட்டார். லாரி அண்ணன் தன் தோளைக் கண்டதும் நாற்காலியில் வழுக்கிக் கீழே இறங்கினார். சித்தி கதவுக்கு ஜாடை காட்டியபோது கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அடுக்கு குறைந்தது, பசை அக்கா மனசாட்சி உறுத்தி அழுதாள், சந்தேகம் ஒவ்வொருவர் மேலும் மாறி மாறி விழுந்தது. கடைசியில் குடோன் கதவு திறந்தது. கக்கத்தில் ஒரு பெட்டியை இடுக்கிக்கொண்டு, தாடையை நீட்டியபடி, லாரி அண்ணன் நடந்து காட்டிய அதே நடையில், மேனேஜர் கேமராவை நோக்கி வந்தார். நின்றார். "நிறுத்து" என்றார். படம் நின்றது. அதற்குப் பின்னால், வெறும் இருட்டுத் திரையில், பசை அக்கா பேசியது முழுதும் கேட்டது. 'வரவும் வேணாம்' உட்பட, பசை தீய்கிற வரைக்கும்.

சிரிப்பு ஓய்ந்தது. பசை அக்கா, "அதையெல்லாமா போடுவ?" என்று கத்தரியின் தோளில் ஒரு குத்து விட்டாள். வலித்தது.

மேனேஜர் தன் சாமான்களை நிஜமாகவே ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். கேட்டில் வாட்ச்மேன் மார்பை நிமிர்த்திக் குறுக்கே நின்றார்.

"பெட்டியைத் திறங்க சார்."

"என்னப்பா?"

"என்னைத் தூங்கறவன்னு ஊர் முழுக்கக் காட்டிட்டீங்க இல்ல. திறங்க."

மேனேஜர் பணிவாகத் திறந்தார். வாட்ச்மேன் உள்ளே கை விட்டுச் செருப்பை எடுத்துப் பார்த்தார், தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தார், பேரப்பிள்ளை வரைந்த ஒரு யானையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடியிலிருந்து ஒரு ஸ்டேப்ளர் வந்தது.

"சார், இது கம்பெனியோடது."

"அட, ஆமா! கை மறந்து போட்டிருக்கும்."

"மேனேஜர் கையெழுத்து இல்லாம ஒரு பொருளும் வெளிய போகக் கூடாதுன்னு சட்டம் போட்டது யார் சார்?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த சித்திக்கு, அவர்கள் பார்ப்பது தன்னைத்தான் என்று புரிய சற்று நேரம் பிடித்தது. கத்தரி பேனாவை நீட்டினாள்.

"எங்கடி போடணும்?" என்றாள் சித்தி, மூச்சு வாங்க.

"கேட் பாஸ்ல மேடம். பொருள்: ஸ்டேப்ளர் ஒண்ணு" என்றார் வாட்ச்மேன். "காரணம்னு ஒரு இடம் இருக்கு. அதையும் எழுதணும்."

சித்தி யோசித்தாள். மேனேஜர் பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சீக்கிரம் எழுதுங்க மேடம், பஸ் போயிடும்" என்றார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள் புது மேனேஜர். "எழுத்து கோணலாப் போகுது."